கீழப்பாவூர்ப் பெரியப்பா சொன்னவை

தென்காசி
12 ஜூன் 1957

அன்புள்ள முத்துவடிவு,

சபைக் குழுவாக வந்த நாங்கள் ஏழு பேரும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். கப்பலில் போதகருக்கு மட்டும் வாந்தி. தனுஷ்கோடியில் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து நீ கொடுத்த தேயிலைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, “இதைக் குடிச்சிட்டு இனி எங்க ஊர் டீயைக் குடிக்க மாட்டீங்களே” என்றார். உண்மைதான். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு சாயத் தண்ணி குடிக்க நீ கற்றுக்கொடுத்ததை இங்கே செய்து காட்டினேன். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் சிரிக்கிறார்கள்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் போகிற பஸ்ஸில் எண்ணெய் வாசனைதான். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் எனக்கு உங்கள் மலைதான் தெரிகிறது. நாங்கள் ஜெபவீட்டுக்குத் தகரம் போட்ட அன்று மழை வந்ததும், அடுத்த கட்டடத்துப் பிள்ளைக்காம்பராவிலிருந்து நீ அத்தனை குழந்தைகளையும் அள்ளிக்கொண்டு எங்கள் பாதிக் கூரைக்குள் ஓடிவந்ததும் நினைவிருக்கிறதா? தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை இருபத்திரண்டு குழந்தைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற உனக்கு, நாங்கள் போய்ச் சொல்லிக்கொடுக்க என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

புறப்படும்போது நீ கேட்ட காரியத்தை மறக்கவில்லை. வருகிற சனிக்கிழமை கீழப்பாவூர் போகிறேன். நீ வாயால் சொன்ன விவரம் அதற்குப் போதும்; ஆனாலும் முழுவதையும் ஒரு தடவை எழுதி அனுப்பு.

அன்புடன்,
சுகிர்தம்


வேங்கைமலைத் தோட்டம்
அட்டன் வழி, இலங்கை
3 ஜூலை 1957

டீச்சர் அவர்களுக்கு முத்துவடிவு எழுதுவது.

காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் எண்ணும்போது என் பேரைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார்கள். எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான். பயந்துவிட்டேன். யாரோ செத்துப்போனார்களோ என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் நம்பவில்லை. மன்னிக்க வேண்டும். போன வருசம் கொழும்பிலிருந்தும் ஒரு கூட்டம் வந்தது. பாடினார்கள், சோப்புக் கொடுத்தார்கள், எழுதுகிறோம் என்று விலாசம் வாங்கிப் போனார்கள். அவ்வளவுதான்.

என் அப்பா பேர் மாடன். அவருக்கு ஒரே அண்ணன், சங்கரபாண்டி. கீழப்பாவூரில் நரசிம்மர் கோயிலைத் தாண்டிக் குளத்துக்குக் கீழே வயல் என்று மட்டும் எனக்குத் தெரியும். அப்பா இருபது வயதில் கங்காணியோடு கப்பலேறி வந்தவர் அப்புறம் போகவே இல்லை. ஏன் வந்தார் என்று அம்மாவுக்கும் தெரியாது. ஊரைப் பற்றி வாய் திறக்க மாட்டார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாராவது குற்றாலம் என்று சொன்னால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். சாகும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவும் போய்விட்டார். என் வீட்டுக்காரர் பக்கம் இந்த லயத்து வரிசை வீடுகளில் நாற்பது பேர். ஒரு சின்னச் சண்டை என்றாலும், “உனக்கு யாரு இருக்கா?” என்று நாத்தனார் கேட்டுவிடுகிறாள். பெரியப்பாவிடம் நான் எதையும் கேட்கவில்லை டீச்சர். தம்பிக்கு ஒரு மகள் இருக்கிறாளா, இருக்கட்டும் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. அது போதும்.

முத்துவடிவு


தென்காசி
30 செப்டம்பர் 1957

அன்புள்ள முத்துவடிவு,

தாமதத்திற்கு மன்னித்துக்கொள். சபையில் பண்டிகையும் அசனமும் வந்துவிட்டன. ஊரே உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிடுகிற நாள். எங்கள் இலங்கைப் பயணத்தைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். உன்னைப் பற்றியும் பேசினேன்.

உன் பெரியப்பாவைப் பார்த்தேன். உயரமான மனிதர். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். முதலில் அவரால் நம்ப முடியவில்லை. பிறகு, “எந் தம்பி மவளா?” என்று கேட்டார். “நல்லா இருக்கட்டும். அங்கன ரொம்பக் குளிருமாமே, கம்பளி போத்திக்கிடச் சொல்லுங்க” என்றார்.

அவருக்கு எழுதத் தெரியாது. வீட்டில் மற்றவர்களுக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது போலத் தெரிகிறது. ஆகவே நீ நேரே அங்கே எழுத வேண்டாம். எனக்கே எழுது. நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

சுகிர்தம்


வேங்கைமலைத் தோட்டம்
2 டிசம்பர் 1957

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஜெபவீட்டு உபதேசியாரிடம் கொடுத்து லயத்து வாசலில் நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. நாத்தனார் காதில் விழட்டும் என்றுதான். கம்பளி என்று வந்த இடத்தில் அழுதுவிட்டேன். எனக்குக் குளிருமென்று இதுவரை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

பெரியப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்? பெரியம்மா பேர் என்ன? அவர் அப்பா மாதிரி இடது பக்கம் சாய்ந்து நடப்பாரா? எல்லாம் எழுதுங்கள்.

நீங்கள் போட்ட கூரைக்குக் கீழே இப்போது ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வருகிறார்கள். நானும் போய்ப் பின்னால் உட்கார்கிறேன். கோயிலுக்கும் போகிறேன். உங்கள் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று உபதேசியார் சொல்லுகிறார்.

முத்துவடிவு


தென்காசி
10 ஜூலை 1958

அன்புள்ள முத்துவடிவு,

உன் நான்கு வரிக் கடிதம் போன வாரம் வந்தது. அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரச் செய்திகளைப் பத்திரிகையில் படித்துவிட்டு ஒரு மாதமாக எங்கள் பெண்கள் கூட்டத்தில் உங்கள் தோட்டத்தின் பேரைச் சொல்லி ஜெபித்தோம். உங்கள் மலைக்கு ஒன்றும் வரவில்லை என்று அறிந்த பிறகே எனக்குச் சோறு இறங்கியது.

பெரியப்பாவும் விசாரித்தார். நீ பிள்ளை உண்டாகியிருப்பதைச் சொன்னேன். “பொம்பளப் பிள்ளையா இருந்தா எங்க குத்தாலத்து அம்மன் பேர வைக்கச் சொல்லுங்க. குழல்வாய்மொழி” என்றார். பிடித்தால் வை.

மே மாதம் வந்ததும் எனக்கு மனம் அங்கே போய்விடுகிறது. காலையில் பனி விலகுவதற்கு முன் மலைச்சரிவிலிருந்து பெண்களின் பேச்சுக்குரல் மட்டும் இறங்கி வருமே, முகம் தெரியாமல். அந்தச் சத்தத்தை யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை.

சுகிர்தம்


வேங்கைமலைத் தோட்டம்
4 ஜனவரி 1959

டீச்சர் அவர்களுக்கு,

பெண் பிள்ளை. கார்த்திகை கடைசியில் பிறந்தாள். குழல்வாய்மொழி என்று பதிந்துவிட்டோம். தோட்டத்துக் கிளார்க்கருக்கு அந்தப் பேர் எழுத வரவில்லை. மூன்று தடவை அடித்து எழுதினார். மாமியார் வேறு பேர் வைக்கச் சொன்னார். என் பெரியப்பா வைக்கச் சொன்ன பேர் என்று சொன்னேன். அதோடு மாமியார் விட்டுவிட்டார்.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

முத்துவடிவு


தென்காசி
18 ஆகஸ்ட் 1962

அன்புள்ள முத்துவடிவு,

குழல் தன் முழுப் பேரையும் தானே சொல்கிறாளா! மூன்று முழு வருடம் நீ எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வரியில் போய்விட்டது.

உன் பெரியப்பா சுகம். முழங்கால் வலி என்று முனகுகிறார். இந்தச் சாரலுக்கு வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போய்த் தலை நனையக் குளித்தாராம். “அந்தப் பிள்ளையையும் ஒரு நாளைக்கு இதுல நிப்பாட்டணும்” என்றார்.

சபையிலிருந்து இன்னொரு குழு உங்கள் பக்கம் போகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டார்கள். பள்ளி வேலையைச் சொல்லி மறுத்துவிட்டேன். அங்கே நான் இருந்த மூன்று வாரம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

சுகிர்தம்


வேங்கைமலைத் தோட்டம்
11 ஜனவரி 1965

டீச்சர் அவர்களுக்கு,

புயலில் தனுஷ்கோடி கடலோடு போய்விட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். நீங்கள் இறங்கிய இடம். உங்கள் ஊருக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே வேறு புயல். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டு எங்களைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் இந்தியாவுக்குப் போக வேண்டுமாம். ஒவ்வொரு லயத்திலும் இதே பேச்சு. என் வீட்டுக்காரரின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் இங்கேயே இருக்க எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். அவருக்கும் அதுதான் ஆசை. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “உங்களுக்கு இங்க நாப்பது பேர் இருக்காங்க. எனக்கு அங்க ஒரு பெரியப்பா இருக்காரு. குழலை அவர் மடியில உக்கார வைக்கணும்” என்றேன். ஒரு வாரம் கழித்துச் சரி என்றார்.

அடுத்த மாதம் கண்டிக்குப் போய் இந்திய ஆபீசில் மனுக் கொடுக்கிறோம். சொந்த ஊர், உறவினர் பேர் எல்லாம் கேட்கிறார்களாம். பெரியப்பாவிடம் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கி அனுப்புங்கள். இவள் என் தம்பி மகள் என்று இருந்தால் போதும். சீக்கிரம்.

முத்துவடிவு


தென்காசி
9 பிப்ரவரி 1965

முத்துவடிவு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளாதே.

உன் பெரியப்பா உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. கம்பளி போர்த்திக்கொள்ளச் சொன்னது நான். குழந்தைக்குப் பேர் சொன்னது நான். முழங்கால் வலி, குற்றாலத்துக் குளியல், எல்லாம் நான் உட்கார்ந்து எழுதியவை. ஒரே ஒரு நாள்தான் அவரைப் பார்த்தேன். 1957 ஜூன் பதினைந்தாம் தேதி. அன்று நடந்ததை இப்போது அப்படியே எழுதுகிறேன்.

மாடன் மகள் அனுப்பினாள் என்றேன். கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார்.

“எந்த மாடன்?”

“உங்க தம்பி. இலங்கைக்குப் போனவர்.”

“எனக்குத் தம்பி கிடையாது. இருந்தான் ஒருத்தன். நிச்சயம் பண்ணின பிள்ளைய, தாலி கட்ட நாலு நாள் இருக்கையில உட்டுட்டுக் கண்டிச் சீமைக்கு ஓடிப்போனான். அந்தப் பிள்ள எம் பொஞ்சாதிக்குக் கூடப்பொறந்தவ. பொறவு கல்யாணமே வேண்டாம்னு இந்த வீட்லதான் கெடந்து செத்தா.”

“அவர் இறந்துட்டாருய்யா. அவர் மகள் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்தை…”

“வேதக்காரம்மா, நீங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கிய. வெயிலு ஏறுததுக்கு முன்னால பஸ்ஸப் பாத்துப் போங்க.”

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வைக்கோலை எடுக்கவில்லை.

உனக்கு இதை எப்படி எழுதுவது என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அதற்குள் அசனப் பண்டிகை வந்தது. போதகருக்கு நான் உன் காரியத்தைச் சொல்லியிருந்தேன், கீழப்பாவூரில் நடந்ததைச் சொல்லவில்லை. அவர் எல்லார் முன்னாலும், “நம்முடைய குழு கூரை மட்டும் போடவில்லை, பிரிந்த குடும்பம் ஒன்றைச் சேர்த்தும் வைத்திருக்கிறது. சுகிர்தம் டீச்சர் சொல்லுவார்கள்” என்று என்னை எழுப்பிவிட்டார். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். வாயில் அந்தக் கம்பளி வந்தது. முன்வரிசையில் பெண்கள் அழுதார்கள். பந்தியில் எனக்கு முதல் இலை போட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், அங்கே பேசியதையே உனக்கும் எழுதினேன்.

பிறகு நீ சந்தோஷமாக எழுதினாய். நிறுத்த முடியவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொண்டேன். எனக்காகவும்தான். பெரியப்பாவின் வார்த்தைகளை எழுதும் நாட்களில் நானும் அந்த மலையில் இருந்தேன்.

மனுக் கொடுக்காதே, முத்துவடிவு. உன் வீட்டுக்காரர் ஆசைப்படி அங்கேயே இரு. இங்கே உனக்கு யாரும் இல்லை.

சுகிர்தம்


வேங்கைமலைத் தோட்டம்
14 மார்ச் 1965

சுகிர்தம் டீச்சருக்கு,

மனுக் கொடுத்து ஆறு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. கொடுத்த மனுவைத் திரும்ப வாங்க முடியாதாம்.

மூன்று வாரம் வந்தீர்கள். கூரை போட்டீர்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தீர்கள், எங்களுக்கு நல்லது செய்ய வந்தவர்கள். அன்றைக்கே உண்மையை எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒரு வாரம் அழுதிருப்பேன். எட்டாம் நாள் வேலைக்குப் போயிருப்பேன். இந்த மலையில் எல்லாரும் அப்படித்தான். இவளுக்குத் தாங்காது என்று நீங்களாக முடிவு செய்தீர்கள்.

என் மகளை எந்தப் பேரால் கூப்பிடுவது? அவளிடம் என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டுத் திரும்ப மடித்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி எழுத வேண்டாம்.

முத்துவடிவு


தென்காசி
22 ஆகஸ்ட் 1965

முத்துவடிவு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை எழுதாமல் வைத்துக்கொண்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

போன வாரம் கீழப்பாவூர் போனேன். எட்டு வருடம் கழித்து. உன் பெரியப்பாவின் காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கலாம் என்று. வீட்டில் உன் பெரியம்மா குருவம்மாள்தான் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்கள்.

“டீச்சரா? இப்பந்தான் வாரியளா? அவுக போயி அஞ்சு வருசமாச்சே.”

1960 மாசியில் இறந்திருக்கிறார். 1962இல் நான் அவரைக் குற்றாலத்தில் குளிக்க வைத்தேன்.

அதோடு முடியவில்லை. பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீங்க வந்துட்டுப் போன பொறவு அவுக ரெண்டு நாளு சோறு திங்கல. எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லல. ரெண்டு தடவ தென்காசிக்கு வந்து ஒங்க வேதக்கோயில் வாசல்ல நின்னிருக்காக. உள்ள வரக் கூச்சம். திரும்பிட்டாக. ‘அந்தம்மா இன்னொரு தடவ வருவாக, அன்னைக்குப் பிள்ள பேரு என்னன்னு கேட்டுக்கிடலாம்’னாக. நீங்க வரவே இல்லியே.”

அவர் ஒரு வார்த்தை சொல்லத் தயாராக இருந்தார். நான் அவருக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்ததால் அதைக் கேட்கப் போகவில்லை. இதை நீ அறிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது.

இன்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் முன்னமே, “போனது போகட்டும், சபையில் எதுக்கும்மா?” என்று தடுத்தார். சொன்ன பிறகு யாரும் திட்டவில்லை. எல்லாரும் அவரவர் செருப்பைத் தேடினார்கள்.

பதிலை எதிர்பார்க்கவில்லை.

சுகிர்தம்


மண்டபம் முகாம்
7 ஜூன் 1969

டீச்சர் அவர்களுக்கு,

வந்துவிட்டோம். என் மனு பாஸாகி நாலு வருசம் கழித்துக் கப்பலில் இடம் கிடைத்தது. அட்டன் ரயிலடியில் என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு அவர் அண்ணன் தம்பிகள் அழுத அழுகையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. யாரு இருக்கா என்று கேட்டவள்.

இங்கே முகாமில் காலையில் கஞ்சி, வெயில், வரிசை. நீலகிரியில் அரசாங்கம் தேயிலை போடுகிறதாம். எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் உறவினரைப் பார்க்க நாலு நாள் அனுமதி தருகிறார்கள். வீட்டுக்காரர் சாமான்களோடு இங்கே இருப்பார். நானும் குழலும் கீழப்பாவூர் போகிறோம்.

பஸ் விவரம் எழுதுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

முத்துவடிவு


தென்காசி
12 ஜூன் 1969

முத்துவடிவு,

மதுரையிலிருந்து திருநெல்வேலி. அங்கிருந்து தென்காசி பஸ்ஸில் ஏறிப் பாவூர்ச்சத்திரத்தில் இறங்கு. அங்கே கீழப்பாவூருக்கு வண்டி கிடைக்கும், நடந்தாலும் தூரமில்லை. கோயிலைக் கேட்டால் சொல்லுவார்கள். குருவம்மாள் பெரியம்மா உயிரோடு இருக்கிறார்கள். மகன் பேர் வல்லிநாயகம், விவசாயம். அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

என் விலாசம் மாறவில்லை.

சுகிர்தம்


கோத்தகிரி
2 ஆகஸ்ட் 1969

டீச்சர் அவர்களுக்கு,

தகர வீடு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். செடி இன்னும் முழங்கால் உயரம்தான். கொழுந்து எடுக்க இரண்டு வருசம் ஆகும். அதுவரை குழி வெட்டுகிற வேலை. குளிர் மட்டும் பழைய குளிர். என் வீட்டுக்காரர் காலையில் எழுந்து பனியைப் பார்த்துவிட்டு, “நாம எங்கயும் போகல போல” என்றார். வந்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

உங்களிடம் நேரில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். குற்றாலத்தில் நாம் போன ஐந்தருவியில் தண்ணீர்ச் சத்தத்தில் எதைப் பேசுவது? தவிர, உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்திருக்காது.

கீழப்பாவூரில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். நான் மாடன் மகள் என்றதும் வல்லிநாயகம் அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. “எத்தன நாளு இருப்பிய?” என்று கேட்டார். பங்கு கேட்க வந்திருக்கிறேன் என்று பயம். நாளைக்குப் போய்விடுவோம், எங்களுக்கு நீலகிரியில் வேலை எழுதிவிட்டார்கள் என்றேன். அதற்கப்புறம் அவரே குழலுக்கு நுங்கு வெட்டிக்கொடுத்தார். குளத்துக்குக் கீழே வயலைக் காட்டக் கூட்டிப்போனார். அப்பா உழுத வயல். கரையில் நின்று பார்த்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வயலாகத்தான் இருந்தது.

பெரியம்மா என்னிடம் பேசவே இல்லை. சோறு போட்டார்கள், பாய் போட்டார்கள், பேச்சில்லை. மறுநாள் காலை நாங்கள் புறப்படும்போது கூடவே தெரு முக்கு வரைக்கும் வந்தார்கள். அங்கே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

“ஏட்டி, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஒங்கப்பன் எந் தங்கச்சியப் பத்தி என்னைக்காவது பேசியிருக்கானா? சொக்கம்மாளுன்னு பேரு. பதினேழு வயசு அப்பம். சாகுத வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தா.”

அப்பா அந்தப் பேரைச் சொன்னதே இல்லை டீச்சர். அப்படி ஒரு பெண் இருந்தாள் என்பதே உங்கள் கடிதம் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பெரியம்மாவின் கை என் மணிக்கட்டில் இருந்தது. நாற்பது வருசமாகக் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்த கேள்வி.

“சொல்லியிருக்காரு பெரியம்மா” என்றேன். “கடைசியில ஆஸ்பத்திரியில அந்தப் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. தப்புப் பண்ணிட்டேன், தப்புப் பண்ணிட்டேன்னு.”

யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. பெரியம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் குந்திவிட்டார்கள். அப்புறம் எழுந்து என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தினார்கள். “இருக்கட்டும். இருக்கட்டும்” என்றார்கள். எதை இருக்கட்டும் என்றார்களோ தெரியாது.

பாவூர்ச்சத்திரத்தில் திருநெல்வேலி போகிற பஸ்தான் முதலில் வந்தது. நான் ஏறவில்லை. குழல் கேட்டாள், “அம்மா, முகாமுக்குப் போகலியா?” எதிர்ப்பக்கம் போய் நின்று தென்காசி பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பொய்யைச் சொன்னதால்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களை மன்னித்துவிட்டு வந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. கதவைத் திறந்து நீங்கள் நின்றபோது முதலில் கோபம்தான் வந்தது. நீங்கள் சின்னதாகிப் போயிருந்தீர்கள். கண்ணாடி போட்டிருந்தீர்கள். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. “அருவியில தண்ணி விழுதா?” என்று கேட்டேன்.

அங்கே நீங்கள் துணி மூட்டையைக் காத்துக்கொண்டு பாறையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். குழல் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். சேலையோடு அருவிக்குள் நின்று மூச்சு முட்டிச் சிரித்தீர்களே, அதை நான் மலையில் பார்த்திருக்கிறேன். தகரக் கூரைக்குள் மழைக்கு ஓடிவந்த அன்று. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இந்த மனுசியிடம் கேட்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

நான் சொன்ன பொய்யைப் பெரியம்மாவிடம் திரும்பப் போய் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவர்களுக்கு வயதாகிவிட்டது, எனக்கு நான்கு நாள்தான் அனுமதி என்று எத்தனையோ சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கோபம் முழுதாகப் போகவில்லை. பாதி போயிருக்கும்.

முகாமில் உட்கார்ந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். பெரியப்பா, சபை, சாரல், எங்கள் மலை என்று எல்லாம் இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் அப்பா அம்மா யார், கூடப் பிறந்தவர்கள் உண்டா, ஏன் தனியாக இருக்கிறீர்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் வெளியே இருந்தது. எங்களுக்கு மற்ற இரண்டையும் பெட்டியைத் திறந்து எடுத்தீர்கள்.

அதை எழுதுங்கள். இனி அடுத்தவர் பேச்சு வேண்டாம். மெதுவாக எழுதினால் போதும், எனக்கு அவசரமில்லை. இந்தத் தோட்டத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் தபால் வருகிறது.

முத்துவடிவு